முகவீணைப் பயிற்சிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நந்தி மலையில் பிறக்கும் பாலாறு, வேலூரை ஒட்டி ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கிறது. 2021 நவம்பரில் அது கரைபுரண்டு ஓடியதைக் காணப் பாலங்களில் திரண்டவர்கள் நாம். இந்த ஆற்றங்கரை ஊர்களில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், இரவில் விடியவிடியக் கூத்து, முடிவில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் முன் அவன் வீழும் படுகளம். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் வேலூர்ப் பகுதி, திருவண்ணாமலைப் பகுதி எனப் பிரிக்கப்பட்டாலும், திருவண்ணாமலைப் பக்கத்துப் புரிசை முதல் பொன்னையாற்றங்கரை வரை கூத்தின் பண்ணும் அடவும் இன்றும் உறவு விடாமல் இருக்கின்றன.

அந்தக் கூத்தின் உயிர்நாடி முகவீணை. நாகசுரத்தைவிட மிகச் சிறிய குழல்தான். ஆனால் திரைக்குள் நிற்கும் வேடதாரி உச்சக்குரலில், தாளமின்றிப் பாடும் விருத்தத்தை எடுத்ததும், அவர் விட்ட அடியை அப்படியே பற்றி, மிருதங்கமும் தாளமும் சேரும்வரை அது தாங்கிப் பிடிக்கும் அழகை ஒலிபெருக்கி இல்லாமல் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். இன்று பல மேடைகளில் ஆர்மோனியம் மட்டுமே ஒலிக்கிறது. ஆர்மோனியம் சுருதி தரும். குரலோடு சேர்ந்து அழ அதனால் முடியாது என்பது எங்கள் துணிபு.

1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் எழுந்த வேலூர்க் கோட்டையையும், அதனுள் இருக்கும் கல்யாண மண்டபத்துச் சிற்பத் தூண்களையும் தொல்லியல் துறை காக்கிறது. வாசிப்பவரின் மூச்சில் மட்டுமே வாழும் முகவீணையை ஊரார்தாம் காக்க வேண்டும்.

ஆகவே வரும் சித்திரை முதல், மூத்த கலைஞர்களைக் கொண்டு இளைஞர்களுக்கு முகவீணையும் மிருதங்கமும் கற்பிக்க எங்கள் குழு முடிவு செய்துள்ளது. ஆசிரியர்களுக்கு மாதந்தோறும் தட்சிணை, கருவிகள், முகவீணையின் வாயில் பொருத்தி ஊதும் சீவாளிகள், வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆகியவற்றுக்கே நிதி தேவைப்படுகிறது. பணமாகத் தர இயலாதவர்கள் அரிசி தரலாம். வேலியில் கல்யாண முருங்கை வைத்திருப்பவர்கள், கூத்து வேடத்துக்கான கிரீடமும் தோளணியான புஜக்கட்டையும் செதுக்க ஒரு மரம் தந்தாலும் பேருதவியாகும்.

100 ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு ஆடி மாதம் ஊர்க்கூட்டத்தில் படிக்கப்பட்டு, கோயில் சுவரில் ஒட்டப்படும். நன்கொடையைக் குழுப் பொருளாளரிடம் நேரில் செலுத்தி, ரசீதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பயிற்சிக் குழுவினர்