புட்டி இறுகுவதற்கு முன் பெயின்ட் வேண்டாம்: ஏற்காடு மினியேச்சர் போட்டிக் குழுவினருக்கு

வணக்கம்.

மினியேச்சர் (சிறு உருவம்) போட்டிக்கான உங்கள் அறிவிப்பைப் பார்த்தோம்: காப்பிப் பழம் பறிக்கும் பெண், கையாலேயே பிடித்த உருவம், 54 மி.மீ. உயரம். தலைப்பு அருமை. ஆனால் சனிக்கிழமை உருவம், ஞாயிற்றுக்கிழமை பெயின்ட், அன்று மாலையே பரிசு, அதுவும் ஐப்பசி மழையில் என்றால் பாதி உருவங்கள் மேசைக்கு வந்து சேராது.

எம்-சீல், சில்ப்கார் போன்ற எபாக்சி புட்டி (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு பசைகளைப் பிசைந்தால் இறுகுவது) இரண்டு மூன்று மணி நேரத்தில் தொட்டால் கெட்டியாகத்தான் தெரியும். முழுசாக இறுக ஒரு நாள் ஆகும். குளிரில் இன்னும் இழுக்கும். தவிர, உருவத்தை ஒரே மூச்சில் பிடிக்க முடியாது. செம்புக் கம்பி எலும்புக்கூட்டின் மேல் மெல்லிய பூச்சு, அது இறுகிய பின் உடம்பு, அதுவும் இறுகிய பின் சேலை மடிப்பு. அவசரப்பட்டால் மடிப்பை அழுத்தும்போது கீழே இடுப்பு நசுங்கும். ரெசினையும் ஹார்டனரையும் ஒரே பருமனில் திரித்து, ஒரே நீளம் வெட்டிப் பிசைந்தால் சம அளவு தானாக வரும். சரியாகக் கலக்காமல் நிறக் கோடு மிச்சமிருந்தால் அந்த இடம் பிசுபிசுப்பாகவே நின்று, மேலே அடித்த பெயின்ட்டை உரித்துவிடும். எனவே இரு கட்டங்களுக்கும் நடுவே ஒரு வாரம் விடுங்கள்.

இடைவெளியில் உருவத்தைக் கழுவவும் நேரம் கிடைக்கும். புட்டியை வழவழப்பாக்கப் பலர் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தொடுகிறார்கள். பாத்திர சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுத் தேய்க்காவிட்டால் பெயின்ட் தாமரை இலைத் தண்ணீர்தான்.

'ஸ்ப்ரே பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) கட்டாயம்' என்ற விதியை எடுத்துவிடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் ஸ்ப்ரே அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், பிரைமர் வெளுத்துப்போகும். சேலத்து வெயிலில் நேர்மாறு: தள்ளி நின்று அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். அங்கே காலை வேளையில், 20 செ.மீ. தூரத்தில் அடிக்கலாம். மலைமேல் ஜெசோவை (பிரஷ்ஷால் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) தண்ணீரில் கொஞ்சம் இளக்கி, பிரஷ்ஷால் மெல்லிய இரண்டு பூச்சு போதும். மூடிய ஹாலில் ஸ்ப்ரே நெடியும் இருக்காது.

உயரத்தை எங்கிருந்து எங்கே அளப்பீர்கள்? உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைக்கா, கண்ணுக்கா? இந்த அளவில் தலையே 7 மி.மீ.தான், இரண்டுக்கும் மூன்றரை மி.மீ. வித்தியாசம். குனிந்து பறிக்கும் உருவத்தை நிமிர்ந்து நின்றதாக வைத்து அளக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

நடுவர்களுக்கு ஒரு கணக்கு. 54 மி.மீ. என்பது நிஜ ஆளின் உயரத்தில் ஏறத்தாழ 32-இல் ஒரு பங்கு. 15 மி.மீ. காப்பிப் பழம் அரை மி.மீ. ஆகும்; அதற்கு ரவை சரி. கடுகு வைத்தவர் கூடையில் எலுமிச்சம்பழம் பறித்திருக்கிறார்! ரவையைப் பசையில் ஊறவைத்து மூடாவிட்டால் வண்டு வரும் என்பதும் போட்டியாளர்களுக்குத் தெரியட்டும். எல்லாப் பழமும் ஒரே சிவப்பாக இருக்கக் கூடாது. நடுவே மஞ்சளும் இரண்டொரு பச்சையும் வேண்டும். பளபளப்பு வார்னிஷ் பழத்துக்கு மட்டும், மற்றதற்கு மேட் (பளபளக்காதது).

பொருள் பட்டியலில் மிகச் சிறிய 000 எண் பிரஷ் போட்டிருக்கிறீர்கள். கண் 1 மி.மீ. தான் என்றாலும் அது உதவாது. அதில் நிற்கும் துளிப் பெயின்ட் முகத்தைத் தொடுமுன் காய்ந்துவிடும். கூர்நுனி கலையாத 1-ஆம் எண் பிரஷ் மேல்.

சேலத்திலிருந்து வருபவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி உருவத்தைக் கொண்டுவர வேண்டும். பஞ்சில் பொதிந்தால் விரல்கள் ஒடியும், இழையும் ஒட்டும். பீடத்தை இருபுற டேப்பால் டப்பாவின் அடியில் ஒட்டச் சொல்லுங்கள். மேலே காலியாக இருக்கட்டும். நடுவர்களும் பீடத்தைப் பிடித்தே திருப்பிப் பார்க்கட்டும். மேசைக்கு வெள்ளை எல்இடி விளக்கு, 5000 கெல்வினுக்குக் குறையாமல் போடுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஊதா நிழல் எல்லாம் பழுப்பாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து, மினியேச்சர் செய்பவர்கள் சிலர்