தம்பி, அந்த நோட்டு நல்ல நோட்டுதான்

அன்புள்ளங்களுக்கு வணக்கம்.

காவடிக்கு இரண்டு வாரம் இருந்தது. பிள்ளைகளின் தமிழ் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வலது கண்ணில் மைக்கூடு கவிழ்ந்ததுபோல ஒரு கருப்பு இறங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இருபது வருடச் சர்க்கரை வேலையைக் காட்டிவிட்டது.

இங்கே மொரீஷியஸில், மோக்கா ஊரில் நம் பாரதியார் பெயரில் இருக்கும் கண் மருத்துவமனைக்கு அன்றே காரில் கூட்டிப்போன பக்கத்து வீட்டு அண்ணனுக்கு முதல் நன்றி. பெட்ரோல் காசை நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார்.

அப்புறம் டாக்டர் அம்மா. மூடிய இமைமேல் சில்லென்று ஜெல் தடவி அல்ட்ராசவுண்டு பார்த்தார். கண்ணுக்குள் இரத்தம் கசிந்து மறைப்பதால் வெளிச்சம் அடித்தால் விழித்திரை தெரியாது, ஒலிக்கு அந்தத் தடை இல்லையாம். விழித்திரை பிரியவில்லை என்றதும்தான் எனக்கு உயிர் வந்தது. உடனே என் அதிகப்பிரசங்கித்தனம்! "இதே ஒலியைக் குவித்து இரத்தத்தைப் போக்கலாமாமே, செய்யுங்களேன்" என்றேன். சென்னையிலிருந்து அக்கா மகன் போனில் அனுப்பிய சேதி அது. வெளியே அத்தனை கூட்டம் காத்திருந்தும் அவர் எரிந்து விழவில்லை. எங்கள் ஊர் கிரியோல் மொழியில் நிதானமாகச் சொன்னார்: பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்தால் காகிதம் பொசுங்குகிறதே, அப்படித்தான் குவிந்த ஒலியும் சுடும். கண் அழுத்த நோய்க்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். இரத்தக்கசிவுக்கு முயல் கண்களில் சோதித்தார்கள், மனிதருக்கு அது வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

கேட்டதைச் செய்யாததற்காகவே அவருக்கு நன்றி. தலையை உயர்த்திப் படுங்கள், இரத்தம் கீழே படியும் என்றார். நான்கு தலையணை அடுக்கி, உட்கார்ந்த மாதிரியே தூங்கினேன். படிந்தது, ஆனால் ஆறு வாரம் பிடித்தது. தெளிந்த பிறகு, மறுபடி கசியாமலிருக்க லேசர்.

அந்த ஆறு வாரமும் என் வகுப்புகளைச் சேர்த்து எடுத்த சக ஆசிரியைக்கும், எனக்காகப் பால் சொம்பு சுமந்த அக்காவுக்கும் என்ன கைம்மாறு செய்வேன்?

கடைசியாக, ரோஸ் ஹில் சந்தையில் கொத்தமல்லி விற்கும் தம்பிக்கு. மீதியாக நீங்கள் கொடுத்த நோட்டை வாங்கி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, அதில் தமிழில் இருந்த 'நூறு ரூபாய்' என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். கள்ள நோட்டென்று சந்தேகப்படுகிறேன் என நினைத்து வேறொன்று மாற்றிக் கொடுத்தீர்கள். தம்பி, அந்த நோட்டு நல்ல நோட்டுதான்.