வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்டால்தான் ரேஷன் அரிசியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புது ரேஷன் கார்டுக்கு மனு போட்டு ஒன்பது மாதம் அலைந்தவள் நான். எனக்குக் கார்டு வந்துவிட்டது. அதனால் என் குறையைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் காம்பவுண்டில் ஆறு குடித்தனம், அதில் மூன்று வீட்டுக்கு இன்றுவரை கார்டு கிடையாது, மூன்றும் ஒரே காரணத்தால் நின்றுபோனவை: முகவரிச் சான்று. வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் அது ஏன் இருப்பதில்லை என்பது கார்டு கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் காதுக்குப் போக வேண்டும்.

நம் மாநிலத்தில் அரிசி கார்டுக்கு வருமானச் சான்று யாரும் கேட்பதில்லை. இவர் ஏழை, அவர் ஏழை இல்லை என்று வாசலில் நிறுத்திக் கணக்குப் பார்க்காமல், கேட்கிறவருக்குக் கொடு என்றுதான் இத்தனை வருடமாக நடக்கிறது. 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று, 2011 ஜூன் முதல் இலவசம். 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2016 நவம்பர் 1 முதல் இங்கேயும் அமலுக்கு வந்தபோது, இனி பாதிப் பேருக்குத்தான் அரிசி என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். அப்படி நடக்கவில்லை. கார்டில் முன்னுரிமை, முன்னுரிமையற்றது என்று எழுத்து மாறியதே தவிர அரிசி நிற்கவில்லை. 34 ஆயிரத்துக்கும் மேல் கடைகள், இரண்டு கோடிக்கும் மேல் கார்டுகள். எங்கள் அம்மா எங்களை வளர்த்தது அந்த அரிசியில்தான், நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் கடைக்குள் போவதற்குக் கார்டு வேண்டும். அந்தக் கார்டு வாங்குகிற இடத்தில்தான் ஏழையாக இருப்பதே தடையாக வந்து நிற்கிறது.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பெயின்டர். நான் பக்கத்தில் ஒரு கம்பெனியில் தையலுக்குப் போகிறேன். இரண்டு பிள்ளைகள். கல்யாணமாகி நான்கு வருடம் வரைக்கும் எங்கள் பெயர் ஊரில் அத்தை கார்டில்தான் இருந்தது. எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்களே என்று கேட்பீர்கள். வாங்கலாம்தான், ஆனால் இருப்பது ஒரு கார்டு. அதில் நாங்கள் இங்கே அரிசியை எடுத்துவிட்டால் ஊரில் அத்தைக்கு அந்த மாதம் எதுவும் கிடையாது. அதனால் விட்டுவிட்டோம். மூட்டை அரிசி வெளியில் வாங்கினோம். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற துவரம் பருப்பு வெளியில் நூற்றைம்பதைத் தாண்டிய மாதங்களில் குழம்பு வைப்பதையே குறைத்து, ரசத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பருப்பை விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் புளித்தண்ணீர்தான் ரசம் என்று ஆகிவிட்டது.

சரி, தனிக் கார்டு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தால் முதலில் பழைய கார்டிலிருந்து எங்கள் பெயரை நீக்க வேண்டும். நாங்கள் நீங்கினால் அத்தை ஒரு ஆள் கார்டு ஆகிவிடுவார், ஒருவருக்கு 12 கிலோதான். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் தவித்தார். போனில் சொன்னபோது அத்தை, "நான் ஒருத்தி எவ்வளவு திங்கப்போறேன், பிள்ளைங்களுக்கு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஆதார் நகலையும் கார்டையும் அடுத்த வாரமே ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். பெயர் நீக்கம் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது.

சிக்கல் முகவரிச் சான்றில் வந்தது. மின் கட்டண ரசீது, சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், வங்கிப் பாஸ்புக், இவற்றில் ஏதாவது ஒன்று போதும் என்று இ-சேவை மையத்தில் சொன்னார்கள். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். மின் ரசீது வீட்டுக்கார அம்மா பெயரில், சொத்து வரியும் அவர் பெயரில். வாடகை ஒப்பந்தம் என்று ஒன்று நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை, அட்வான்ஸ் கொடுத்தோம், சாவி வாங்கினோம், அவ்வளவுதான். பாஸ்புக் ஊர் கிளையில், ஊர் முகவரியில். கேஸ் புத்தகம்? நாங்கள் வைத்திருப்பது ஐந்து கிலோ சின்ன சிலிண்டர். அது முகவரிச் சான்று இல்லாதவர்களும் வாங்கலாம் என்றுதான் விற்கிறார்கள். அதனால்தான் நாங்கள் அதை வாங்கினோம். அதற்குப் புத்தகம் கிடையாது. முகவரி இல்லாததால் வாங்கிய சிலிண்டர் முகவரிக்குச் சான்று ஆகுமா?

வீட்டுக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். தப்பானவர் இல்லை, என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்த இரவில் கேட்காமலே ஐந்நூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தவர். ஆனால் ஒப்பந்தம் என்றதும் முகம் மாறிவிட்டது. "கையெழுத்தெல்லாம் வேணாம்மா. எங்க சொந்தத்துல ஒருத்தர் அப்படித்தான் போட்டுக் கொடுத்தாரு, குடியிருந்தவங்க காலி பண்ணவே இல்ல." வாடகைக்கு விட்டிருப்பது தெரிந்தால் வரி ஏறும் என்ற பயமும் இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கரண்ட் பில் நகலாவது கொடுங்கள் என்றேன். அதுவும் முடியாது. எங்களிடம் அவர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பில் அலுவலகம் வரைக்கும் போவதை அவர் விரும்பவில்லை.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2017லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், 2019 பிப்ரவரியில் அமலுக்கும் வந்துவிட்டது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? சட்டத்தைக் காட்டி ஒப்பந்தம் கேட்டால் அடுத்த மாதம் வேறு வீடு பார்க்கச் சொல்வார். கூடத்தோடு ஒரு அறை இந்த வாடகைக்கு வேறு எங்கே கிடைக்கும்? அரிசிக்காக வீட்டை இழக்க யாரும் துணிய மாட்டார்கள்.

முதல் மனுவில் பாஸ்புக் பக்கத்தை வைத்தேன். நாலு மாதம் கழித்து நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரியில் குறுஞ்செய்தி. ஏன் என்று அதில் இல்லை. அலுவலகத்துக்குப் போனால், கணினியில் பார்த்துவிட்டு முகவரி பொருந்தவில்லை என்றார்கள். அரை நாள் சம்பளம் போனது அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்கு. இரண்டாவது மனுவில் வார்டு கவுன்சிலரிடம் கடிதம் வாங்கி வைத்தேன். அது "வீடு பூட்டியிருந்தது" என்று திரும்பியது. பகல் பதினொன்றரைக்கு வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் மெஷினில், அவர் சாரத்தில், பிள்ளைகள் பால்வாடியில். வேலைக்குப் போகிற வீடு பகலில் பூட்டித்தானே இருக்கும். ஒரு போன் செய்திருந்தால் பர்மிஷன் போட்டு வந்திருப்பேன், மனுவில் நம்பர் இருக்கிறது.

இதற்கு நடுவில் ஒருவர் வந்து, மூவாயிரம் கொடுங்கள், எந்தப் பேப்பரும் வேண்டாம், நானே முடித்துத் தருகிறேன் என்றார். காசு இருந்திருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கையில் இல்லை. எந்தப் பேப்பரும் வேண்டாம் என்று அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது மனு நிறைவேறியதற்குக் காரணம் வீட்டுக்கார அம்மாவின் மகன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், ஒப்பந்தம் போட்டால் நமக்கும்தான் பாதுகாப்பு என்று அம்மாவுக்கு எடுத்துச் சொல்லி முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்க வைத்தார். அவர் அந்த மாதம் வந்திருக்காவிட்டால் நானும் அந்த மூன்று வீடுகளோடு நான்காவதாக இருந்திருப்பேன்.

விசாரணைக்கு ஒரு அம்மா வந்தார், இந்தத் தடவை முன்கூட்டியே போன் செய்துவிட்டு. உள்ளே வந்து உட்காரவில்லை. சமையல் மூலையில் ஒற்றை பர்னர் அடுப்பைப் பார்த்தார், அதன் கீழே சின்ன சிலிண்டரைப் பார்த்தார். சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அரிசி டின்னைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அடியில் இரண்டு படி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "தனியாத்தான் சமைக்கிறீங்க, நாலு பேரு" என்று சொல்லி எழுதிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். மொத்தம் பத்து நிமிடம். ஒப்பந்தத்தை அவர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, அது ஏற்கெனவே ஸ்கேன் ஆகி மேலே போயிருந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு குடும்பம் அந்த வீட்டில் இருக்கிறதா, தனியாக உலை வைக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள அரசு ஏற்கெனவே ஒரு ஆளை நேரில் அனுப்புகிறது. அவர் அடுப்பைப் பார்க்கிறார், ஆட்களைப் பார்க்கிறார், அக்கம்பக்கத்தில் கேட்கிறார். அதைவிடப் பெரிய முகவரிச் சான்று என்ன இருக்கிறது? வீட்டு உரிமையாளர் கையெழுத்து இல்லாத மனுவை அந்த விசாரணை வரைக்கும் போகவிட்டு, வந்து பார்த்தவர் "இங்கேதான் குடியிருக்கிறார்கள்" என்று எழுதினால் அதையே சான்றாக எடுத்துக்கொள்ளலாமே. புதிதாக ஆள் போட வேண்டியதில்லை, புது இணையதளம் வேண்டியதில்லை.

இது நடக்காத காரியமும் இல்லை. 2021 ஆகஸ்டில் உஜ்வாலா கேஸ் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கியபோது, பிழைப்புக்காக இடம்பெயர்ந்த குடும்பங்கள் முகவரிச் சான்று தர வேண்டாம், சுய உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்று அறிவித்தார்கள். ஆதாரில் முகவரி மாற்றவும், வேறு ஆவணம் இல்லாதவர் கவுன்சிலரிடமோ எம்.எல்.ஏ.விடமோ குறிப்பிட்ட படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். அடுப்புக்கும் ஆதாருக்கும் செல்லுகிற வார்த்தை அந்த அடுப்பில் ஏற்றுகிற அரிசிக்கு மட்டும் ஏன் செல்லக் கூடாது?

பொய் சொல்லி இரண்டு கார்டு வாங்கிவிடுவார்கள் என்று பயப்படலாம். ஒவ்வொரு பெயரும் ஆதாரோடு சேர்ந்திருக்கிறது. பழைய கார்டில் பெயரை நீக்காமல் புதுக் கார்டில் ஏற்றவே முடியாது, நாங்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டோம். ஏமாற்றுகிறவரைப் பிடிக்க அந்த ஏற்பாடு இருக்கும்போது, கரண்ட் பில் இல்லாதவரை எதற்குப் பிடித்து வைக்க வேண்டும்?

இன்னும் இரண்டு விஷயம். நிராகரித்தால் ஏன் என்பதை அந்தக் குறுஞ்செய்தியிலேயே தமிழில் ஒரு வரி எழுதுங்கள், எந்தத் தாள் குறைகிறது என்று. இரண்டாவது, விசாரணைக்கு வருமுன் போன் செய்வதைக் கட்டாயமாக்குங்கள், வீடு பூட்டியிருந்தால் இன்னொரு நாள் வந்து பார்த்த பிறகே மனுவைத் தள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வீட்டில் மூத்த பெண்தான் கார்டுக்குக் குடும்பத் தலைவி என்கிறது. அந்தப் பெண் பகலில் வீட்டில் இருப்பாள் என்று மட்டும் நினைக்காதீர்கள். பத்துப் பாத்திரம் தேய்க்கவோ, தைக்கவோ, சித்தாள் வேலைக்கோ போயிருப்பாள்.

என்னைப் போல அலைகிறவர்களுக்கு: மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எந்த ஜன்னலிலும் பதில் வராது. 1967க்குப் போன் செய்து புகார் பதியலாம். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கிறது, சம்பளம் போகாமல் நேரில் கேட்க அதுதான் வழி. ஒன்றுமே நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிப் போடுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கார்டுக்காக யாருக்கும் மூவாயிரம் கொடுக்காதீர்கள்.

எங்கள் கடைசி வீட்டில் இருக்கிற அக்காவுக்குக் கணவர் இல்லை, இரண்டு பையன்கள், காலையில் மூன்று வீட்டில் வேலை செய்கிறார். அவர் மனு இரண்டாவது முறையும் முகவரிச் சான்று இல்லை என்று திரும்பியிருக்கிறது. வீட்டுக்கார அம்மாவின் மகன் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டார். வருகிற இரண்டாவது சனிக்கிழமை அந்த அக்காவோடு நானும் முகாமுக்குப் போகிறேன், வேறு வழி தெரியாததால் அவர் வீட்டு அடுப்பையும் வாசலையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் இருக்கும் ஒரு வாசகி