குதிரைகளுக்காக வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும்

சார்லட், கிரீன்வில், ஸ்பார்டன்பர்க் பக்கமிருந்து வந்த அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

ஹெலீன் புயலுக்குப் பிறகு உதவியவர்களுக்கு, எங்கள் லாயத்தில் குதிரை வைத்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் எழுதி, தீவனக் கடை வாசலிலும் தீயணைப்பு நிலையத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். நல்ல கடிதம்தான். ஆனால் அதில் உங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் வருகிறது, அதுவும் "தெற்கிலிருந்து வந்த நண்பர்கள்" என்று. எனக்கு அது போதவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று முழுசாகத் தெரிந்தவர்களில் தமிழில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் இதை நான் எழுதுகிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் நீங்கள் யார் என்று தெரியட்டும்.

இடம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வட கரோலினாவின் மேற்குப் பக்கம், தென் கரோலினா எல்லையை ஒட்டி, மலை ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது போல்க் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). இது குதிரைக்காரர்கள் ஊர். 2018-இல் உலகக் குதிரையேற்றப் போட்டிகள் நடந்த டிரையான் மைதானம் இங்கே மில் ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது. அந்தப் போட்டியின் நடுவிலேயே புளோரன்ஸ் புயல் வந்து ஒரு பிரிவு ரத்தானது குதிரைப் பிரியர்களுக்கு நினைவிருக்கலாம். எங்களுடையது அந்த மாதிரி பெரிய இடமில்லை. கிரீன் ரிவர் பக்கம் வயதான ஒரு தம்பதி நடத்தும் சின்ன லாயம். ஓய்வுபெற்ற கிழட்டுக் குதிரைகள் கொஞ்சம், பிள்ளைகள் ஓட்டிப் பழகும் மட்டக்குதிரைகள் கொஞ்சம், என் மகள் உயிரை விடும் ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை.

2024 செப்டம்பர் 26 ராத்திரி ஹெலீன் புளோரிடாவில் கரையேறியது, மறுநாள் காலை எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. அதற்கு முன்பே விடாமல் மழை. ஆஷ்வில் விமான நிலையத்தில் மூன்று நாளில் ஏறத்தாழ 14 அங்குலம். பிரெஞ்ச் பிராட் ஆறு 1916 வெள்ளத்தின் அளவையே தாண்டிவிட்டது. பக்கத்துக் கவுண்டியில் சிம்னி ராக் கிராமத்தை ஆறு வாரிக்கொண்டு போனது. மாநிலத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். இதெல்லாம் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் லாயத்துக்குள் வெள்ளம் வரவில்லை, குதிரைகள் எல்லாம் உயிரோடு இருந்தன. ஆனால் வேலி முழுக்க மரம் விழுந்து கிடந்தது, பாதை அடைந்துவிட்டது, கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் கிணற்று மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை.

ஒரு குதிரை ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். குறைந்தால் வயிற்றுக்குள் தீவனம் இறுகி வலி வரும், அந்த வலியிலேயே செத்துப்போகும் குதிரைகள் உண்டு. ஆற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றவும் பயம், அதில் டீசலும் சாக்கடையும் என்னென்னவோ கலந்திருந்தது. வாளி வாளியாக எவ்வளவுதான் சுமக்க முடியும்? அப்போது தண்ணீரோடு முதலில் வந்து சேர்ந்தது கிரீன்வில் ஆட்கள்தான். உங்கள் வீடுகளிலேயே கரண்ட் இல்லை என்பது எனக்குத் தெரியும். பிரிட்ஜில் இருந்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்ரோலுக்கு வரிசையில் நின்று, அந்தப் பெட்ரோலில் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தீர்கள்.

அந்த டேங்க் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இரும்புக் கூண்டுக்குள் வைத்த ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்றை யாரோ இலவசமாகத் தருகிறேன் என்றார்களாம். நம்ம அண்ணன் ஒருவர், வாழ்க்கையில் குதிரைப் பக்கமே போகாதவர், "இதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியாம ஒரு ஜீவனுக்கு எப்படிக் கொடுக்கிறது?" என்று கேட்டு அதை மறுத்துவிட்டு, ஆப்பிள் ஜூஸ் வந்த டேங்கைத் தேடிப்பிடித்து, அதையும் கழுவிக் கழுவிக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் அப்போதும் லேசாக ஆப்பிள் வாசனை. புது இடத்துத் தண்ணீர் என்றால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும் கிழட்டுக் குதிரை ஒன்று எங்களிடம் இருக்கிறது. அது காது வரைக்கும் தொட்டிக்குள் விட்டுக் குடித்தது. அந்த அண்ணன் பக்கத்திலேயே நின்று அதன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டும் நகரவில்லை.

அடுத்து மரம் அறுத்த தம்பிகள். உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் கொஞ்சநஞ்சமில்லை. ஏன் என்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். இந்த மலையில் எங்கு பார்த்தாலும் சிவப்பு மேப்பிள் மரம். நிற்கும்போது அதனால் தொந்தரவு இல்லை. மரம் முறிந்து இலை வாடத் தொடங்கினால் அது குதிரைக்கு விஷம். ரத்தத்தின் சிவப்பணுக்களையே உடைத்துவிடும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், ஒரு கிலோ அளவுக்குத் தின்றாலே பெரிய குதிரையும் பிழைப்பது கஷ்டம். காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் விஷம் போகாது. புயல் ராத்திரி தப்பித்த குதிரையை அப்புறம் வந்த ஒரு வாரம் கொன்றுவிடலாம். மேய்ச்சல் நிலம் முழுக்க அந்த மரங்கள் சாய்ந்து கிடந்தன.

லாயத்து அம்மா ஒரு மேப்பிள் கிளையை உங்கள் கையில் கொடுத்து, "இந்த இலை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது" என்று சொன்னார். அந்தக் கிளையை வண்டியின் முன்கண்ணாடியில் செருகி வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்தபோதெல்லாம் ஓடிப்போய் ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். பெரிய மரத்தை அறுத்து நகர்த்துவதை எத்தனையோ பேர் செய்வார்கள். அதற்குப் பிறகு குனிந்து, சேற்றில் ஒட்டியிருந்த இலையை வாரு வாரென்று வாரிக் கோணிப்பையில் போட்டீர்களே, அதுதான் குதிரைகளைக் காப்பாற்றியது. ஆயுத பூஜை அன்றும் வந்தீர்கள். மரம் அறுக்கும் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் நசுக்கிவிட்டு வேலையைத் தொடங்கியதைப் பார்த்து லாயத்துப் பெரியவர் விவரம் கேட்டார். "நம்மளக் காப்பாத்துற கருவிக்கு வருஷத்துல ஒரு நாள் மரியாதை" என்று ஒரு தம்பி சொன்னான். பெரியவர் உள்ளே போய்த் தன் சேணத்தை எடுத்து வந்து, இதற்கும் வை என்றார். அந்தக் குங்குமம் இன்னும் தோலில் மங்கலாக இருக்கிறது. அவர் துடைக்க விடவில்லை.

புல்கட்டு கொண்டுவந்தவர்கள் பலர் நம்ம ஆட்கள் இல்லை. முகம் தெரியாத விவசாயிகள், வேறு வேறு மாநிலத்து நம்பர் பிளேட், கட்டுக்கு ஒரு டாலர்கூட வாங்காமல் இறக்கிவிட்டுப் போனார்கள். பிளெட்சரில் இருக்கும் மாநில வேளாண் மையம் கால்நடைத் தீவனம் பிரித்துக் கொடுக்கும் இடமாக மாறியிருந்தது. அங்கிருந்து எங்களுக்கு ஏற்றி வந்தது, இறக்கியது, மழை படாமல் அடுக்கியது நீங்கள். நனைந்த கட்டில் பூஞ்சை பிடிக்கும், அதைக் குதிரைக்குப் போட முடியாது, அதோடு உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கவும் செய்யும் என்று சொன்னதும், ஒரு அக்கா ஒவ்வொரு கட்டின் நடுவிலும் கையை விட்டுப் பார்த்துப் பார்த்துத் தள்ளி வைத்தார். கை முழுக்கக் கீறல். கையுறை போட்டால் ஈரம் தெரியாதாம்.

காந்த உருளை கொண்டுவந்த இரண்டு பேரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பறந்து வந்த கூரைத் தகடுகளிலிருந்து ஆணிகள் மேய்ச்சல் நிலமெங்கும் சிதறியிருந்தன. குளம்பின் அடியில் ஆணி ஏறினால் குதிரை நொண்டியாவது நிச்சயம், சில சமயம் உயிருக்கே ஆபத்து. நீங்கள் குறுக்கும் நெடுக்குமாக உருட்டி எடுத்த ஆணி ஒரு பெயின்ட் வாளி நிறைய இருந்தது. பணம் வாங்காமல் லாடம் பார்த்த லாடக்காரருக்கும், வழி திறந்த அன்றே வந்துவிட்ட கால்நடை மருத்துவருக்கும் ஆங்கிலக் கடிதத்தில் நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்த மருத்துவர் எங்களிடம் சொன்னதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இத்தனை மரம் விழுந்த நிலத்தில் மேப்பிள் விஷமும் ஆணிக்காயமும் இல்லாத லாயத்தைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது என்றார். அது உங்கள் வேலை.

சிலர் உங்களிடம் கேட்டிருக்கிறார்கள், என் காதிலும் விழுந்தது: மனுஷனே தவிக்கும்போது குதிரைக்கா? கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். ரோடு அறுந்து, வண்டி ஏற முடியாத மலைக் குடியிருப்புகளுக்கு இன்சுலினும் சாப்பாடும் குழந்தைகளுக்கு டயப்பரும் எப்படிப் போய்ச் சேர்ந்தன தெரியுமா? இதே மாநிலத்து மவுன்ட் உல்லா என்ற ஊரிலிருந்து ஒரு கூட்டம் கோவேறு கழுதைகளோடு வந்தது. ஒவ்வொன்றும் 200 பவுண்டு வரை சுமந்துகொண்டு, சகதியிலும் விழுந்த மரத்துக்கு நடுவிலும் ஏறிப் போயின. டிரையான் மைதானம் போட்டியை விட்டுவிட்டு நிவாரணத் தளமாக மாறியது. இந்த ஊரில் குதிரைக்காரர்கள் வேறு, மற்றவர்கள் வேறு என்று கோடு போட முடியாது. தன் குதிரைக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று தெரிந்த மனிதர்தான் நிம்மதியாகக் கிளம்பிப் பக்கத்து வீட்டுக் கூரையை மூடப் போனார். எங்கள் லாயத்திலேயே அப்படித்தான் நடந்தது.

சாப்பாட்டை மறப்பேனா? பிரிட்ஜ் இல்லாத இடத்தில் கெட்டுப்போகாத சாப்பாடு என்றால் புளியோதரைதான் என்று முடிவு செய்து அண்டா அண்டாவாக அனுப்பிய சார்லட் அக்காமாருக்குக் கும்பிடு. லாயத்து அம்மாவுக்கு முதல் நாள் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது அவராகவே கேட்கிறார்.

அப்புறம், செய்தி வண்டிகள் எல்லாம் போன பிறகும் வந்தவர்கள். நவம்பரில், டிசம்பரில், குளிரில், வேலிக் கம்பம் நட வந்தவர்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத வேலை அது. ஒரு கம்பத்துக்குக் குழி தோண்ட இந்தக் கல்மண்ணில் எவ்வளவு நேரமாகும் என்று தோண்டியவர்களுக்குத்தான் தெரியும். அந்த நாட்களில் ஒரு தங்கை, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, ஒரு பெட்டி நிறையத் தலைக்கயிறுகளும் பித்தளை வில்லைகளும் வாங்கி வந்தாள். வில்லை ஒவ்வொன்றிலும் லாயத்தின் போன் நம்பர் பொறித்திருந்தது. இதை இப்போது ஏன் என்று எங்களில் சிலர் நினைத்தோம், ஆனாலும் ஒவ்வொரு குதிரையின் கதவிலும் ஒன்று மாட்டி வைத்தோம்.

மார்ச்சில் தீ வந்தது. ஹெலீன் சாய்த்த மரங்கள் எல்லாம் காய்ந்து விறகாகக் கிடந்ததால் போல்க் கவுண்டியில் பற்றிய தீ மளமளவென்று பரவி, 7,000 ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டது. கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தபோது நாங்கள் கயிறு தேடவில்லை. கையை நீட்டினால் கதவில் தொங்கியது. புகையில் மிரண்ட குதிரைகளுக்கு மாட்டி, வண்டியில் ஏற்றி, மூன்று வெவ்வேறு லாயங்களுக்கு அனுப்பினோம். யாருடைய குதிரை எது என்று ஒரு இடத்திலும் குழப்பம் வரவில்லை. எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அந்தத் தங்கைக்கு இது தெரிய வேண்டும். யாராவது அவளுக்கு இதை அனுப்பிவிடுங்கள். அவள் நம்பர் எங்களிடம் இல்லை.

இப்போது வேலி முழுசாக நிற்கிறது. கீழ் மேய்ச்சல் நிலத்தில் புதுப் புல் முளைத்திருக்கிறது, அதில் மட்டும் இன்னும் குதிரை விடவில்லை. கிணற்றுக்குக் கைப்பம்பு ஒன்று பொருத்தியாகிவிட்டது. ஆப்பிள் டேங்கைத் திருப்பித் தரலாம் என்றால் அண்ணன் வேண்டாம் என்கிறார், அதனால் அது இங்கேயே இருக்கும், யார் லாயத்துக்கு எப்போது தேவைப்பட்டாலும் எடுத்துப் போகலாம்.

சனிக்கிழமை காலைகளில் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மட்டக்குதிரைகள் சும்மாதான் நிற்கின்றன, காசெல்லாம் கிடையாது. மூடிய ஷூ போட்டு வரட்டும், தலைக்கவசம் இங்கே இருக்கிறது. இன்னொன்று: சிவப்பு ஜெனரேட்டர் ஒன்றும், பிடியில் மஞ்சள் துணி சுற்றிய கடப்பாரை ஒன்றும் எங்களிடமே நின்றுவிட்டன. ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றி வைத்திருக்கிறோம். யாருடையது என்று சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.