கியோட்டோவுக்குப் பழைய கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பான் பயணம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், கியோட்டோ செல்வோர் முதலில் ஜப்பான் ரயில் பாஸ் வாங்கிவிட வேண்டும், நகருக்குள் பஸ்ஸுக்கு ஒருநாள் பாஸ் போதும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு காலத்தில் இரண்டும் நல்ல யோசனைதான். இன்று முதலாவது கையைக் கடிக்கும். இரண்டாவது விற்பனையிலேயே இல்லை.

7 நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போய்வரவே ஏறக்குறைய 28,000 யென்தான் ஆகும். கியோட்டோவை மட்டும் பார்க்க நினைப்பவர் டோக்கியோ பக்கம் போகவே வேண்டாம். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறி ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஒசாகா நகர மையத்துக்கு வந்துவிட்டால், அங்குள்ள ஒசாகா உமேதா நிலையத்திலிருந்து கியோட்டோ கவராமாச்சிக்கு ஹான்கியூ என்ற தனியார் ரயிலில் 410 யென், முக்கால் மணி நேரம்.

உள்ளூர் மக்களே ஏற முடியாத அளவுக்குப் பஸ்களில் சுற்றுலாக் கூட்டம் நிறைந்ததால், ஒருநாள் பஸ் பாஸ் விற்பனையை 2023 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து 1,100 யென் பாஸ். நகரப் பஸ்ஸில் ஒரு தடவைக்கு 230 யென் என்பதால், ஐந்து முறையாவது ஏறி இறங்கினால்தான் லாபம். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது ஓட்டுநர் அருகே பணம் போட வேண்டும். பெட்டியில் போட்டதற்கு மீதி வராது; பக்கத்து இயந்திரத்தில் 1,000 யென் நோட்டுக்குச் சில்லறை கிடைக்கும், 10,000 யென் நோட்டுக்குக் கிடைக்காது. தங்கத் தகடு போர்த்திய கின்காகுஜிக்கு ரயில் நிலைய வாசலிலிருந்தே பஸ் பிடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நெரிசலில் நாற்பது நிமிடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். கராசுமா தடச் சுரங்க ரயிலில் கிதாவோஜி வரை போய், அங்கிருந்து பஸ் ஏறுங்கள். அந்தக் கோயிலுக்குக் கட்டணம் 500 யென். தரும் சீட்டே காகிதத்தில் எழுதிய ஒரு ரட்சைதான், கசக்கி எறிந்துவிட வேண்டாம்.

கட்டணமே இல்லாத இடங்கள்தான் இந்த நகரின் பெரும் செல்வம். ஃபுஷிமி இனாரி ஆலயம் 24 மணி நேரமும் திறந்திருக்கும். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா செல்லும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) தடத்தில் இரண்டாவது நிறுத்தம். சாதாரண ரயிலில்தான் ஏற வேண்டும். விரைவு ரயில் அங்கே நிற்காமல் தாண்டிப் போய்விடும். காலை 7 மணிக்குள் போய்ச் சேருங்கள். மலை 233 மீட்டர்தான், சுற்றி இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பாதிவழியில் உள்ள யோட்சுட்சுஜி சந்திப்பில் பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள். அதற்கு மேல்தான் காட்டின் அமைதி. ஏறும்போது பாதை நெடுக வரிசையாக நிற்கும் மர வாயில்கள் வெறும் செந்நிறமாகத் தெரியும். இறங்கும்போதுதான் தூண்களின் மறுபக்கத்தில் கறுப்பு எழுத்தில் உபயதாரர் பெயரும் தேதியும் கண்ணில் படும், நம் ஊர்க் கோயில் தூண்களில் இருப்பதைப் போலவே.

கிழக்குப் பகுதியை நடந்தே பார்த்துவிடலாம். காலை 6 மணிக்குத் திறக்கும் கியோமிசுதேரா கோயிலில் (500 யென்) தொடங்கி, சன்னென்சாகா, நினென்சாகா படிச்சந்துகள், யசாகா ஆலயம், சியோன்-இன் கோயிலின் பெருவாயில் வழியாக நான்சென்ஜி கோயில் வளாகம் வரை வேறு செலவு கிடையாது. 1888-இல் கட்டிய செங்கல் வளைவுகளின் மேல் பிவா ஏரியின் கால்வாய் நீர் இன்றும் அங்கே ஓடுகிறது. வழியில் கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் மட்டும் நுழைய வேண்டாம். 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

தங்கும் செலவில் பருவம்தான் எல்லாம். செர்ரி பூக்கும் மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கம், இலை சிவக்கும் நவம்பர் ஆகிய காலங்களில் வாடகை எகிறிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் குளிர் கடுமை, அறை மலிவு. நகருக்குள் இடம் கிடைக்காவிட்டால் ரயிலில் பத்தே நிமிடத் தொலைவில் உள்ள ஒட்சுவில் தேடலாம். கியோட்டோவில் தங்கினால் ஆளுக்கு, இரவுக்குத் தங்கும் வரி உண்டு. 2026 மார்ச் முதல் 6,000 யென்னுக்குக் குறைந்த வாடகைக்கு 200, அதற்கு மேல் 20,000-க்குள் 400 யென். முன்பதிவின்போது இது பெரும்பாலும் கணக்கில் வராது; விடுதியில் தனியாகக் கேட்பார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும், உடோன் ரசத்திலும் மிசோ சூப்பிலும் காய்கறிக் கூட்டிலும் உலர்ந்த சூரை மீனின் சாறு இருக்கும். மலிவான உணவகங்களில் இதற்கு விலக்கு கிடைப்பது அரிது. மடங்களின் சைவ விருந்தோ விலை அதிகம். சூடாக்கிச் சாப்பிடும் வெள்ளைச் சோற்றுப் பொட்டலம், தயிர், பழம் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் இங்கிருந்தே கொண்டுபோனால் கவலையில்லை. அசைவம் சாப்பிடுபவர்கள் மாலை 7 மணிக்கு மேல் அதே கடைக்குப் போனால், சாப்பாட்டுப் பெட்டிகளில் பாதி விலைச் சீட்டு ஒட்டியிருப்பார்கள்.

இனி வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளில், கட்டணங்களோடு அவை எந்த மாதத்து நிலவரம் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.