புது விலைப்பட்டியலும் சில நேரான பதில்களும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புது விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: போன தடவை பார்த்த அதே கிட்டார், அதே நிறம், அதே பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பாகம்), விலை மட்டும் ஏன் இப்படி? இன்னும் சிலர் சுற்றி வளைக்காமல், "இதுக்கு இவ்வளவு கொடுக்கலாமா?" என்றே கேட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் பதில் வேறு வேறு. விலை ஏறியதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் பாதிக்கு மேல் நியாயமானவைதான். ஆனால் ஏறிய விலைக்கு ஏற்றபடி கிட்டாரும் நன்றாகியிருக்கிறதா என்றால், சில வரிசைகளில் ஆமாம், சில வரிசைகளில் இல்லவே இல்லை. விற்கிற நாங்களே இப்படிச் சொல்வது விநோதமாகத் தெரியலாம். வாங்கிப் போனவர் நாலு மாதத்தில் வருத்தப்பட்டுத் திரும்பி வருகிற வியாபாரத்தில் எங்களுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

காரணங்களை முதலில் முடித்துவிடலாம். வெளிநாட்டு எலக்ட்ரிக் கிட்டாருக்கு நாங்கள் பணம் கட்டுவது பெரும்பாலும் டாலரில். ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் சரக்கு கைக்கு வரும், நடுவில் டாலர் ஏறினால் ஏறினதுதான். கிட்டார் எடை குறைந்த பொருள், ஆனால் இடத்தை அடைக்கும். ஹார்ட் கேஸோடு வந்தால் கேட்கவே வேண்டாம், கன்டெய்னரில் பாதி காற்றுக்குத்தான் கூலி கொடுக்கிறோம். 2020ல் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த உலகம் முழுக்கக் கிட்டார் வாங்க ஆரம்பித்தது, அதுவரையிலான தன் வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆண்டு அதுதான் என்று அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டரே சொன்னது. அடுத்த வருடம் கப்பல் கூலி பல மடங்கு எகிறியது. பிற்பாடு கூலி இறங்கியது. விலைப்பட்டியல் இறங்கியதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் வரி. பல நாடுகளில் சுங்க வரியைக் கிட்டாரின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. காப்பீட்டையும் கப்பல் கூலியையும் கூட்டி, வருகிற மொத்தத் தொகைக்குப் போடுகிறார்கள். அதற்கு மேல் விற்பனை வரி, அதாவது வரிக்கும் சேர்த்து வரி. கூலி ஏறினால் வரியும் தானாக ஏறும், டாலர் ஏறினால் எல்லாமே ஏறும். தொழிற்சாலை தன் விலையில் கொஞ்சம்தான் கூட்டியிருக்கும், ஆனால் இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடை என்று எல்லாரும் லாபத்தைச் சதவீதக் கணக்கில் வைப்பதால் உங்களிடம் வந்து சேரும்போது அது பெரிய தொகையாகிவிடும். எங்கள் பங்கும் அதில் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

மரத்தின் கதை தனி. 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் சேர்ந்த டால்பெர்ஜியா இனங்கள் மொத்தமும் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன (பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992லிருந்தே இன்னும் கடுமையான பட்டியலில் இருக்கிறது). காட்டை அதிகம் தின்றது மரச்சாமான் வியாபாரம்தான், ஆனாலும் ஃப்ரெட்போர்டில், அதாவது விரலால் கம்பியை அமுக்குகிற முன்பக்கத்தில், ஒரு மெல்லிய ரோஸ்வுட் பலகை ஒட்டியிருந்த கிட்டாரும் வியாபாரச் சரக்காக எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு கேட்டது. அந்த வருடமே ஃபெண்டர் தன் மெக்சிகோ மாடல்களில் ரோஸ்வுட்டை விட்டுவிட்டுப் பாவ் ஃபெரோ என்ற மரத்துக்கு மாறியது. 2019 நவம்பர் கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்துவிட்டது, ஆனால் பாவ் ஃபெரோவும் இந்தியன் லாரல் மரமும் பல மாடல்களில் அப்படியே தங்கிவிட்டன. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். ஆஷ் மரத்துக்கு வந்த சோதனை வேறு மாதிரி: மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் நீண்ட நாள் நின்ற வெள்ளம் ஒரு பக்கம், எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு இன்னொரு பக்கம். 2020ல் ஃபெண்டர் வழக்கமான உற்பத்தியில் ஆஷைப் பெரும்பாலும் நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே மர ரேகை தெரிகிற ஆஷ் பாடிக்கு (கிட்டாரின் உடல் பகுதிக்கு) கூடுதல் விலை கேட்டால் அதில் ஏமாற்று இல்லை, சரக்கே குறைவு.

கூலி விஷயம்தான் இந்தத் தொழிலை ஊர் ஊராக நகர்த்திக்கொண்டே இருக்கிறது. ஃபெண்டரின் மலிவு விலைப் பிராண்டான ஸ்குவையர் கிட்டார்கள் 1982ல் ஜப்பானில் ஆரம்பித்தன. அங்கே கூலி ஏறியதும் கொரியா, அப்புறம் சீனா, இந்தோனேசியா. பிஆர்எஸ் நிறுவனத்தின் விலை குறைந்த எஸ்இ வரிசை பல வருடம் கொரியாவில் செய்யப்பட்டு இப்போது பெரும்பாலும் இந்தோனேசியாவில், கார்ட் கிட்டார் செய்கிற அதே நிறுவனத்தின் ஆலையில் செய்யப்படுகிறது. ஃபெண்டரின் மெக்சிகோ ஆலை என்செனாடாவில் 1987லிருந்து இருக்கிறது, கலிபோர்னியாவின் கொரோனா ஆலையிலிருந்து சில மணி நேரப் பயணம்தான், நடுவில் எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள சம்பள வித்தியாசம்தான் இரண்டு கிட்டார்களின் விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி. பாடியையும் நெக்கையும் (கையால் பிடிக்கிற கழுத்துப் பகுதி) வெட்டுகிற, கணினியால் ஓடுகிற சிஎன்சி இயந்திரத்துக்குத் தான் எந்த நாட்டில் ஓடுகிறோம் என்பது தெரியாது. கையால் செய்கிற வேலையில்தான், அதாவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஓரம் தேய்ப்பது, நட் (நெக் முனையில் கம்பிகள் தங்குகிற சின்னத் துண்டு) வெட்டுவது, பெயின்டை மெருகேற்றுவது, இதில் எத்தனை நிமிடம் செலவழித்தார்கள் என்பதில்தான், வித்தியாசம் வரும்.

"எல்லாம் பழைய காலத்தில் மலிவு" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1954ல் ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார் வெளிவந்தபோது ட்ரெமலோவோடு (சுருதியை ஆட்டுகிற கைப்பிடி) அதன் விலை 249.50 டாலர். அமெரிக்கப் பணவீக்கத்தோடு கணக்குப் போட்டால் 2024ல் அது சுமார் 2,900 டாலர். இன்றைக்கு அமெரிக்காவில் செய்த ஸ்ட்ராட்டை அதைவிட நன்றாகக் குறைந்த விலைக்குப் புதிதாகவே வாங்கலாம், மெக்சிகோ, இந்தோனேசியாவில் செய்தது அதிலும் எவ்வளவோ கீழே. ஆக நீண்ட காலக் கணக்கில் எலக்ட்ரிக் கிட்டார் மலிந்துதான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு டாலரில் சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் முழுசாகப் பொருந்தும். டாலருக்கு எதிராக உங்கள் நாட்டுப் பணம் சரிந்துகொண்டே இருந்தால் உங்களுக்கு விலை ஏறத்தான் செய்யும், 1954 கதை சொல்லி உங்களைத் தேற்ற முடியாது.

சரி, கொடுக்கலாமா வேண்டாமா?

தொடக்க நிலைக் கிட்டார்களுக்கு, தாராளமாக. விலை ஏறியிருக்கிறது, ஆனாலும் இருபது வருடத்துக்கு முன் அந்த வரிசையில் வந்த கிட்டாரையும் இப்போது வருவதையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்த்தவர்கள் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அப்போது நெக் வளைந்து வரும், கம்பியை முறுக்குகிற ட்யூனர் நழுவும், ஸ்விட்ச் கரகரக்கும். இப்போது தொடக்க நிலையிலேயே ஒழுங்கான நெக், சுருதி நிற்கிற ட்யூனர், சிலவற்றில் ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட்கூடக் கிடைக்கிறது. ஏறின பணத்துக்குப் பொருள் இருக்கிறது.

எங்களுக்கே சங்கடமாக இருப்பது அதற்கு மேலே, நடு நிலையின் உச்சியில் இருக்கிற வரிசைகள். ஆசியாவில் செய்து, மேலான பிராண்டின் பிக்கப்பைப் போட்டு, பழைய மாடலின் நகல் என்ற பெயரில் வருகிறவை. உதாரணத்துக்கு, கிப்சன் நிறுவனத்தின் துணைப் பிராண்டான எபிஃபோன் 2024ல் அமெரிக்க கிப்சன் பிக்கப்போடும் கிப்சன் மாதிரியே வடிவமுள்ள ஹெட்ஸ்டாக்கோடும் (ட்யூனர்கள் இருக்கிற தலைப்பகுதி) ஒரு வரிசை கொண்டுவந்தது. நல்ல கிட்டார்கள்தான், வாசித்தால் தெரியும். ஆனால் அந்தத் தலை வடிவத்தால் ஒலி மாறாது, அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறீர்கள். இந்த மாதிரி வரிசைகள் எல்லா பிராண்டிலும் இருக்கின்றன, ஏறி ஏறிக் கடைசியில் நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய அமெரிக்க அல்லது ஜப்பான் கிட்டாரின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அங்கே வந்த பிறகு புதுசை எடுங்கள் என்று எங்களால் மனசாரச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, திரும்ப விற்கும்போது ஹெட்ஸ்டாக்கில் இருக்கிற பெயருக்கும் செய்த நாட்டுக்கும் மதிப்பு உண்டு, உள்ளே இருக்கிற விலையுயர்ந்த பிக்கப்புக்கு யாரும் தனியாகப் பணம் தர மாட்டார்கள்.

மேல் நிலைக் கிட்டார்களில் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று தெரிந்து வாங்கினால் தவறில்லை. நைட்ரோ பெயின்ட் மெல்லிய பூச்சாகப் பலமுறை அடித்துக் காயவைக்க வேண்டியது, அதற்கு நேரம் பிடிக்கும். மரத்தை எடை பார்த்துப் பொறுக்குகிறார்கள். ஃப்ரெட் வேலை கச்சிதமாக இருக்கும், இருக்க வேண்டும். இதெல்லாம் கையில் பிடித்தால் தெரிகிற விஷயங்கள். பிக்கப்பை எடுத்துக்கொண்டால் காந்தமும், தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்றும்தான். விலை இரண்டு மடங்கானால் ஒலி இரண்டு மடங்கு ஆகாது. புதுக் கிட்டாரை அடிபட்டது போலத் தேய்த்துச் சுரண்டிக் கூடுதல் விலைக்குத் தருகிறார்களே, அதைப் பற்றி எங்கள் கடையிலேயே இரண்டு கட்சி உண்டு. இந்த மடலை எழுதுகிறவர் எந்தக் கட்சி என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஒலியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. எலக்ட்ரிக் கிட்டார் எப்படிக் கேட்கும் என்பதைப் பிக்கப், அது கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, ஒலியைப் பெரிதாக்குகிற ஆம்ப், ஸ்பீக்கர், உங்கள் விரல், இவை தீர்மானிக்கிற அளவுக்குப் பாடி மரம் தீர்மானிப்பதில்லை. எங்கள் கருத்து இது, மறுக்கிறவர்கள் கடைக்கு வந்து சண்டை போடலாம். முழுப் பணத்தையும் கிட்டாரில் கொட்டிவிட்டு மிச்சத்துக்கு ஒரு பொம்மை ஆம்ப் வாங்குவதைவிட, கிட்டாரில் ஒரு படி இறங்கி ஆம்பில் ஒரு படி ஏறுங்கள். நாங்கள் சொல்வது தப்பா சரியா என்று ஒரே நாளில் காது சொல்லிவிடும்.

எங்கே வாங்கினாலும் சரி, லேபிளைப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள். நெக்கின் ஓரம் முழுக்க விரலை ஓட்டுங்கள், ஃப்ரெட் முனை குத்தினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது அல்லது ஓர வேலை சரியில்லை. ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அமுக்கி, அதே இடத்து ஹார்மோனிக்கோடு (அமுக்காமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலி) சுருதி சேர்கிறதா பாருங்கள். சேரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், அது செட்டப்பில் (கம்பி உயரத்தையும் சுருதியையும் சரிசெய்கிற வேலை) சரியாகும். ஆனால் நெக் முறுகியிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கம்பியை ஒரு முழு ஸ்வரம் வளைத்து விடுங்கள், சுருதி திரும்பி வராவிட்டால் முதலில் நட்டைச் சந்தேகப்படுங்கள், ட்யூனரை அப்புறம். வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் குமிழுக்குக் கீழே இருக்கிற பொட்டென்ஷியோமீட்டரைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டியிருக்கும். பெரிய செலவில்லை, ஆனால் பெரிய விலை கொடுத்த கிட்டாரில் அது வரவே கூடாது. பிராண்டுகள் மிச்சம் பிடிக்கிற இடம் பெரும்பாலும் இந்தச் சின்ன உதிரிகள்தான்.

இனி எங்கள் பக்கம். விலை ஏறுவதற்கு முன் வந்த ஸ்டாக்கைப் பழைய விலைக்கே தருகிறோம், தீரும் வரை. ஒவ்வொரு கிட்டாரிலும் செய்த நாட்டை விலைச் சீட்டிலேயே எழுதுகிறோம், ஹெட்ஸ்டாக்கின் பின்னால் தேட வேண்டாம். புதுசோ பழசோ, செட்டப் செய்யாமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை, அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. பழைய கிட்டார்களை வாங்கி விற்கும் பகுதியைப் பெரிதாக்கியிருக்கிறோம், மேலே சொன்ன நடு நிலைச் சங்கடத்துக்கு எங்களிடம் இருக்கிற பதில் இப்போதைக்கு அதுதான். கையில் இருக்கிற கிட்டாரையே எடுத்துக்கொண்டு வந்தாலும் சரி: ஃப்ரெட் சமன் செய்து, எலும்பு நட் போட்டு, பிக்கப் மாற்றினால் பலருக்குப் புதுக் கிட்டார் ஆசையே போய்விடுகிறது. எங்களுக்கு அதில் லாபம் குறைவு, பரவாயில்லை.

முன்பணம் கட்டிக் காத்திருக்கிறவர்களுக்கு: நீங்கள் ஆர்டர் கொடுத்த நாளில் சொன்ன விலைதான் உங்களுக்கு, வித்தியாசம் எங்கள் கணக்கில். மனசு மாறியிருந்தால் சரக்கு வந்து சேரும் முன் சொல்லிவிடுங்கள், முன்பணம் முழுசாகத் திரும்பும்.