அபுனைவுக்கும் அங்கே இடம் உண்டு

அன்புள்ள இளங்கோ அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு நீங்கள் மறுபடியும் டிவி ட்ரோப்ஸ் என்ற இணைய விக்கியில் எழுதத் தொடங்கியிருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். கண் சிகிச்சைக்குப் பின் என்னாலும் முன்போல் நெடுநேரம் படிக்க முடிகிறது. கதை உத்திகளைத் திரட்டுவதற்காக ரசிகர்கள் எழுதும் அந்தத் தளத்தில், உண்மை நிகழ்வுகளைச் சொல்லும் அபுனைவுகளான வாழ்க்கை வரலாறுகளுக்கும் ஆவணப்படங்களுக்கும் என்ன வேலை, அவற்றின் பக்கங்களை நீக்கிவிடுவதே முறை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது; முடிவுதான் ஏற்கும்படி இல்லை.

அந்த விக்கி 2004-இல் தொடங்கியபோது, பஃபி என்னும் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களே அங்கு மிகுதியாக இருந்தார்கள். பின்னர் நாவல், திரைப்படம், காமிக்ஸ், அனிமே, வீடியோ கேம் என்று அது விரிந்தது. ஒரு படைப்பு புகழ்பெற்றதா என்று விக்கிப்பீடியாவைப் போல அங்கு யாரும் கேட்பதில்லை. யாரோ ஒருவர் படைத்து வெளியிட்டிருந்தால் அதற்கு ஒரு பக்கம் தொடங்கலாம். அப்படியானால் நாம் கேட்க வேண்டியது, அபுனைவு நூல் ஒரு படைப்பா என்பதைத்தான். எங்கே தொடங்குவது, யாரை முன்னிறுத்துவது, எந்தச் செய்தியைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருப்பது என்று முடிவெடுக்கும் ஒருவர் அதற்குப் பின்னால் இருக்கும்வரை, அது படைப்பு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி 1922-இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் வடபகுதியில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றிய, ஆவணப்பட வரலாற்றில் தவிர்க்கவே முடியாத படம் அது. நானூக் என்று நமக்கு அறிமுகமாகும் மனிதரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். அக்காலத்தில் துப்பாக்கி பழகிவிட்டிருந்த வேட்டைக்காரர்கள் படத்திற்காக மீண்டும் ஈட்டியைக் கையில் எடுத்தார்கள். பனிவீட்டுக்குள் கேமராவுக்குப் போதிய வெளிச்சம் கிடைக்காததால், ஒரு பக்கம் திறந்த பெரிய பனிவீடு ஒன்று தனியாகக் கட்டப்பட்டது. இயற்கையோடு தனித்துப் போராடும் மாசற்ற வேடன் என்ற கதைமாந்தரை, உயிரோடு இருந்த ஒரு மனிதரைக் கொண்டு ஃப்ளாஹெர்ட்டி உருவாக்கினார். ஒரு நாவலாசிரியர் இதைச் செய்தால் எந்த உத்தி எங்கே வருகிறது என்று வரிசையாகக் குறித்துவைக்கும் நாம், 'உண்மை' என்ற முத்திரையோடு வந்ததற்காக இந்தப் படத்தை மட்டும் விட்டுவிடலாமா? புனைவென்று தெரிந்த இடத்தில் வாசகர் விழிப்போடுதான் இருக்கிறார். உத்திகளை அடையாளம் காட்டும் உதவி அவருக்கு மிகுதியாகத் தேவைப்படுவது இங்கேதான். வரலாற்றாசிரியர்களும் வீரசாகசம், துன்பியல், இன்பியல், அங்கதம் ஆகிய வடிவங்களில்தான் நிகழ்ச்சிகளைக் கோக்கிறார்கள் என்று அமெரிக்க வரலாற்றறிஞர் ஹேடன் ஒயிட் 1973-இலேயே விரிவாக வாதிட்டிருக்கிறார்.

நீங்கள் சொல்லும் எல்லைக்கோடும் அத்தனை தெளிவாக இல்லை. யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து, தம் தந்தை வதைமுகாமிலிருந்து மீண்ட வரலாற்றைச் சொன்ன ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மவுஸ்' சித்திரக்கதையின் இரண்டாம் தொகுதியை, நியூயார்க் டைம்ஸ் 1991-இல் முதலில் புனைவு நூல்களின் விற்பனைப் பட்டியலில் சேர்த்தது. அவர் மறுத்துக் கடிதம் எழுதிய பிறகே அது அபுனைவுப் பட்டியலுக்கு மாறியது. உங்கள் விதிப்படி அந்த நூலின் பக்கம் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா?

உங்கள் கவலையின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ட்ரூமன் கபோட்டி 1966-இல் நூலாக வெளியிட்ட 'இன் கோல்ட் பிளட்', கான்சாஸ் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் நால்வர் 1959-இல் கொல்லப்பட்டதைச் சொல்கிறது. அவர்கள் சாகப்போவதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டு, அந்த இரவில் நடந்ததை மட்டும் கொலையாளிகளின் வாக்குமூலம் வரை அவர் நிறுத்திவைப்பது மிகத் தேர்ந்த உத்தி. கல்லறைத் தோட்டத்தில் அமையும் இறுதிக் காட்சி நடக்கவே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. இவற்றையெல்லாம் பதிவுசெய்யத்தான் வேண்டும். ஆனால், வீட்டில் இல்லாததால் உயிர்தப்பிய இரு மகள்கள் அந்தக் குடும்பத்தில் இருந்தார்கள். நாவலில் வரும் வில்லனுக்குப் பக்கத்துக்கு வெளியே வாழ்க்கை கிடையாது; இந்த நூலில் வருகிறவர்களுக்கு உண்டு. ஆகவே 'இவர் இப்படிப்பட்டவர்' என்று எழுதாமல் 'இவரை ஆசிரியர் இப்படிக் காட்டுகிறார்' என்று எழுதும் கட்டுப்பாடு நமக்கு வேண்டும். நிஜ வாழ்க்கை எடுத்துக்காட்டுகளுக்குப் பல பக்கங்களில் அந்த விக்கி ஏற்கெனவே தடை விதித்திருக்கிறது. உண்மை மனிதர்களை வைத்துப் பயனர்கள் சண்டையிட்டதும், நிகழ்ச்சிகளுக்கு ஆசிரியர் என்று எவரும் இல்லாததும் அதற்குக் காரணம். அந்தத் தடையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். நடந்ததற்கு அங்கு இடம் வேண்டாம், நடந்ததை ஒருவர் சொன்ன விதத்துக்கு இடம் வேண்டும் என்பதே என் நிலை.

பாடநூல், அட்டவணை போன்றவற்றைப் பற்றி நாம் பேசவே தேவையில்லை. எடுத்துரைப்பு இல்லாத இடத்தில் குறிக்க எதுவும் கிடைக்காது. ஆனால் வானியலாளர் கார்ல் சேகன் 1980-இல் பதின்மூன்று பகுதிகளில் வழங்கிய 'காஸ்மாஸ்' அறிவியல் தொடரில், கற்பனைக் கப்பல் ஒன்றில் அவர் அண்டவெளியைச் சுற்றி வருகிறார். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனக்கு இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. நம்பத்தகாத கதைசொல்லி என்ற குறிப்பு நாவலாசிரியருக்குப் பாராட்டு. அதையே தன்வரலாறு எழுதியவர் மீது வைத்தால், அவர் பொய் சொன்னார் என்ற குற்றச்சாட்டாகிவிடுகிறது. மறதியையும் தற்பெருமையையும் பொய்யையும் வேறுபடுத்திக் குறிக்க நமக்கு ஒரு வழி வேண்டும். நாற்பது ஆண்டுகள் பிறர் எழுத்தைத் திருத்திய உங்களுக்கு இதில் என்னைவிடத் தெளிவு இருக்கும். 'நானூக்' பக்கத்தை மேற்சொன்ன முறையில் திருத்தி எழுதி அடுத்த வாரம் அனுப்புகிறேன். தயவுசெய்து கண்டிப்போடு படித்துக் குறிப்பெழுதுங்கள்.

அன்புடன்,
சிவராமன்